சாமி பெயரில் ஒரு பியர்

வணக்கம் நேயர்களே. நத்தார் நாட்களுக்கு ஏதாவது கதையுங்கள் என்று நிலையத்தார் கேட்டபோது, பியரைப் பற்றிக் கதைக்கலாமோ என்று தயங்கித்தான் கேட்டேன். கதைக்கலாம், பிள்ளைகள் படுத்த பிறகு என்றார்கள். அதனால்தான் இந்த நேரம்.

சூரிச்சில் டிசம்பர் 6 எப்படிப்பட்ட நாள் என்று இங்கே பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். சாமிக்லவுஸ் தாடியும் அங்கியுமாக வருவார், பக்கத்தில் கறுப்பு உடுப்போடு அவருடைய உதவியாள் ஷ்முட்ஸ்லி. பிள்ளைகள் மண்டரினும் கச்சானும் கொண்டு வீட்டுக்கு வருவார்கள். என் மூத்தவள் முதல்முறை வந்து "அப்பா, சாமி வந்தவர்" என்றபோது எந்தக் கோயில் சாமி என்று நான் யோசித்தேன். புனித நிக்கலஸ்தான் இந்த ஊர்ப் பேச்சில் தேய்ந்து சாமிக்லவுஸ் ஆகியிருக்கிறார்.

அவர் பெயரிலேயே ஒரு பியர் இருக்கிறது. சூரிச்சின் ஹூர்லிமான் ஆலையில் 1979இல் முதலில் காய்ச்சி, அடுத்த வருடம் விற்பனைக்கு விட்டார்கள். வருடத்தில் ஒரே நாள், அந்த டிசம்பர் 6 அன்றுதான் காய்ச்சுவார்கள். பிறகு குளிரில் பத்து மாதமளவு கிடக்கும். அடுத்த நத்தாருக்குத்தான் போத்தல் வெளியே வரும்.

இவ்வளவு காலம் ஏன்? ஊரில் விடியப் பனையால் இறக்கின கள் பின்னேரத்துக்குள் புளித்துவிடும். அதில் வெறியைக் கொண்டுவருவதும் ஈஸ்ட்தான். ஈஸ்ட் சீனியைத் தின்று மதுசாரத்தை விடும். அந்த மதுசாரம் கூடினால் ஈஸ்ட்டே தளர்ந்து மெதுவாகிப் போகும், அதனால்தான் இவ்வளவு காலம். இந்தப் பியரில் மதுசாரம் 14 சதவீதம், சாதாரண பியர் ஈஸ்ட் அதைத் தாங்காது. ஹூர்லிமான்காரர் ஈஸ்ட் ஆராய்ச்சியில் பெயர் எடுத்தவர்கள், அதைத் தாங்கும் ஒரு வகையை வளர்த்து வைத்திருந்தார்கள். உலகத்திலேயே கடுமையான லாகர், அதாவது குளிரில் முதிரவிடும் பியர் வகை, என்று இந்தப் பியர் ஒரு காலத்தில் கின்னஸ் சாதனைப் புத்தகத்திலும் இடம் பிடித்தது.

எனக்கு இது அறிமுகமானது குசினியில் வேலை செய்த காலத்தில். ஒரு டிசம்பர் இரவு, வேலை முடிந்து நல்ல தாகம். சக தொழிலாளி ஒருவர் நீட்டிய சின்னப் போத்தலை பியர்தானே என்று ஒரே மூச்சில் குடித்தேன். ட்ராமில் என் தரிப்பிடம் எப்போது போனதென்று தெரியாது, கடைசித் தரிப்பிடத்தில் சாரதி தட்டி எழுப்பினார். பிறகுதான் கணக்குப் பார்த்தேன்: 330 மில்லிலீட்டரில் 14 சதவீதம் என்றால், அதே அளவான சாதாரண பியர் கிட்டத்தட்ட மூன்று.

இதை இரண்டு மூன்று பேர் பங்கிட்டு, சின்னக் கிளாசில், ஆறுதலாகக் குடிக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியால் எடுத்து அரை மணித்தியாலம் மேசையில் விடுங்கள். கடும் குளிரில் வாசம் எழும்பாது. நிறம் செம்மண்ணிறம். நுரை வந்த வேகத்திலேயே அடங்கிவிடும். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் பேரீச்சம்பழம், பிளம்ஸ், கருகின சீனிப்பாணி. கொழும்பில் நத்தாருக்கு வெட்டுகிற ரிச் கேக்கின் பெட்டியைத் திறந்த மாதிரி இருக்கும். வாயில் பாணி போல் தடிப்பு, இனிப்பு, கடைசியில் நெஞ்சில் ஒரு சூடு. கசப்பு பேருக்குத்தான். புதுப் போத்தலில் அந்த இனிப்பு எனக்குத் திகட்டும், ஒளிக்காமல் சொல்கிறேன். ஐந்தாறு வருடம் இருட்டில் கிடந்ததைக் குடித்துப் பாருங்கள். இனிப்பு தணிந்து, பழைய ஷெரி வைனின் சாயல் வந்திருக்கும். பக்கத்தில் மணக்கிற நீலச் சீஸ் ஒரு துண்டு இருந்தால் நல்லது. கச்சானும் பிழையில்லை.

1996இல் ஹூர்லிமானை வேறொரு பெரிய நிறுவனம் வாங்கியது. சூரிச்சில் காய்ச்சுவது நின்றது. அந்த ஆலை வளவில் இன்று கூகுள் அலுவலகம் இருக்கிறது, பழைய கல் நிலவறைகளில் வெந்நீர்க் குளியல் நடக்கிறது. பியர் மட்டும் எல்லை தாண்டிப் பிழைத்தது. 2000ஆம் ஆண்டிலிருந்து ஒஸ்ரியாவின் எகன்பெர்க் ஆலை, அதே டிசம்பர் 6 அன்று காய்ச்சுகிறது. ஊர் மாறினாலும் நாள் மாறவில்லை. எங்களில் பலருடைய பொங்கலும் அப்படித்தானே.

என் கெல்லரில், அதாவது வீட்டு நிலவறையில், இந்தப் பியரின் பழைய போத்தல் ஒன்று மிச்சமிருக்கிறது. இந்த நத்தாருக்கு உடைப்போம் என்று மச்சானுக்குச் சொல்லிவிட்டேன். காரை விட்டுவிட்டு ட்ராமில் வரச் சொல்லியிருக்கிறேன். திரும்பிப் போகும்போது கடைசித் தரிப்பிடத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.