அந்த 701 என்ன ஆச்சு?

வணக்கம். போன பேச்சுக்குப் பிறகு ஒரு நேயர் அனுப்பிய கேள்வி இரண்டு நாளாக என்னை விடவில்லை. "வானத்தில் இனம் தெரியாத பொருள்களைப் பார்த்ததாக வந்த 12,618 சம்பவங்களை அமெரிக்க விமானப்படை பதிவு செய்து, அதில் 701 என்னவென்றே தெரியவில்லை என்று கைவிரித்துவிட்டது. அப்படியானால் அந்த 701 வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவைதானே?" இதுதான் கேள்வி.

எண்கள் சரி. இவற்றை ஆராய விமானப்படை நடத்திய புராஜெக்ட் புளூ புக் என்ற திட்டம் 1969 டிசம்பரில் மூடப்பட்டபோது, 1947 முதல் சேர்ந்திருந்த கணக்கு அது. ஆனால் பதில், இல்லை. தெரியவில்லை என்று எழுதினால் தெரியவில்லை என்றுதான் பொருள். எனக்கென்னவோ, விளக்கம் கிடைத்துவிட்டது என்று எழுதிய மீதி 11,917ஐப் பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு கென்னத் ஆர்னால்டைத் தெரியும். 1947 ஜூன் 24, வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியர் மலைப் பக்கம் தன் சிறிய விமானத்தில் போனவர், ஒன்பது பொருள்கள் பளபளத்துக்கொண்டு போவதைப் பார்த்தார். குளத்தில் ஓட்டாஞ்சில்லை வீசினால் தத்தித் தத்திப் போகுமே, தண்ணீர்மேல் வீசிய சாசர் அப்படிப் போவதுபோல் அவை பறந்தன என்றார். நகர்ந்த விதத்தைத்தான் சொன்னேன், பத்திரிகைகள் தப்பாக எழுதிவிட்டன என்று 1950இல் வானொலிப் பேட்டியிலும் சொன்னார். விமானப்படைக்கு அவர் வரைந்து கொடுத்த படத்தில் இருப்பது வட்டத் தட்டு அல்ல. முன்பக்கம் வளைந்து பின்பக்கம் குறுகிய உருவம். ஆனால் 'பறக்கும் தட்டு' என்ற பெயர் அச்சாகிவிட்டது. அதற்கப்புறம் ஊரெல்லாம் தட்டையே பார்த்தது. கண்ணுக்கும் காகிதத்துக்கும் நடுவில் ஒரு சொல் மாறிவிட்டது. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. சின்ன வயதில் ராத்திரி பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது, மேற்கே ஒரு வெளிச்சம் கூடவே வருகிறது என்று அத்தை காட்டினார். அது வெள்ளி கிரகம். தூரத்தில் இருப்பதால் நிலாவைப் போலக் கூடவே வருவதாகத் தோன்றும். ஒரு வாரம் கழித்து, ஊர்க் கல்யாணத்தில் அதே கதையைக் கேட்டேன். வெளிச்சம் வட்டமாகச் சுழன்று, பஸ் நின்றதும் நின்றதாம். அத்தை பொய் சொல்கிறவர் இல்லை. கதை கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

சரி, 11,917க்கு வருகிறேன். விமானப்படைக்கு 1948 முதல் ஆலோசகராக இருந்த வானியலாளர் ஆலன் ஹைனெக் பிற்பாடு சொன்ன குறை இதுதான்: கோப்பில் 'விமானமாக இருக்கலாம்' என்று எழுதியது, ஆண்டுக் கணக்கில் 'விமானம்' என்று ஏறிவிடும். 'இருக்கலாம்' காணாமல் போய்விடும். ஆர்னால்டுக்கு நடந்ததேதான் இங்கேயும், இந்த முறை அலுவலகத்துக்குள்ளே.

அவருக்கே அது நேர்ந்தது. 1966 மார்ச்சில் மிச்சிகனில் பலர் வெளிச்சங்களைப் பார்த்தார்கள். சில சம்பவங்களுக்குச் சதுப்பு நில வாயு, அதாவது சேற்றில் செடிகொடிகள் அழுகி எழும் வாயு ஒளிர்வது, காரணமாக இருக்கலாம் என்று டெட்ராய்ட்டில் நிருபர்களிடம் சொன்னார். மறுநாள் சதுப்பு வாயு மட்டும்தான் செய்தி. நாடே சிரித்தது. அந்த மாநில எம்.பி. ஜெரால்டு ஃபோர்டு, பின்னால் ஜனாதிபதி ஆனாரே அவர்தான், நாடாளுமன்ற விசாரணை வேண்டும் என்றார். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் தள்ளிவிட்ட ஹைனெக், 1973இல் இதை ஆராயத் தனி மையமே தொடங்கினார். தான் முன்பு சொன்னதை மாற்றிக்கொள்ள அவர் தயங்கவில்லை. அதனாலேயே அவரை எனக்கு மிகவும் பிடிக்கும். ஹாலி வால்நட்சத்திரம் வந்த 1910இல் பிறந்து, அது திரும்பி வந்த 1986இல் காலமானவர்.

ஆக, 701ஐ மட்டும் தனியாக எடுத்து ஆசைப்படவும் வேண்டாம், மீதி எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நம்பவும் வேண்டாம். இரண்டும் ஒரே கைகள் எழுதிய கோப்புகள்.

நீங்கள் ஏதாவது பார்த்தால், யாரிடமும் பேசுவதற்கு முன் எழுதிவிடுங்கள்: மணி, திசை, எவ்வளவு நேரம் தெரிந்தது. அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று கையை நீட்டி முஷ்டியால் அளந்து பாருங்கள். ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 டிகிரி. எழுதியதைத் திருத்தாமல் எனக்கு அனுப்புங்கள். அந்த நேரத்தில் அந்தத் திசையில் என்ன இருந்தது என்று சேர்ந்தே பார்க்கலாம்.