பிரேமர்ஹாஃபன் முதலிடம் பிடித்த ஆண்டு

அவையோருக்கு வணக்கம்.

ஜெர்மனியின் வடக்கே கடலை ஒட்டிய ஊர் பிரேமர்ஹாஃபன். மீனும் துறைமுகமும்தான் அதன் வாழ்வு. ஒரு காலத்தில் லட்சக்கணக்கான ஐரோப்பியர்கள் அங்கே கப்பலேறித்தான் அமெரிக்காவுக்குப் போனார்கள். அந்த ஊரின் ஐஸ் ஹாக்கி அணிக்கு ஃபிஷ்டவுன் பிங்குவின்ஸ் என்று பெயர். அதன் அரங்கம் ஐயாயிரம் பேரைக்கூடக் கொள்ளாது. 2023-24 பருவத்தில், பதினான்கு அணிகள் ஆளுக்கு 52 ஆட்டங்கள் ஆடிய ஜெர்மன் லீக்கின் முதல் சுற்றில், இந்த அணி முதலிடத்தில் வந்து நின்றது. மியூனிக்கையும் மன்ஹைமையும் பெர்லினையும் பின்னுக்குத் தள்ளி வந்தது! இதைச் சொல்லும்போதே எனக்கு மனம் நிறைகிறது.

இந்த அணி முதல்நிலை லீக்குக்குள் வந்த கதையையும் சொல்லவேண்டும். 2016-இல் ஹாம்பர்க் அணியை அதன் உரிமையாளரான அமெரிக்காவின் அன்ஷுட்ஸ் நிறுவனம் மூடிவிட்டது. காலியான அந்த இடம்தான் பிரேமர்ஹாஃபனுக்குக் கிடைத்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, பட்டத்தைத் தீர்மானிக்கும் நாக் அவுட் ஆட்டங்களின் இறுதிச்சுற்றில் அவர்கள் எதிர்கொண்டது யாரை? அதே அன்ஷுட்ஸ் நிறுவனத்தின் ஐஸ்பேரன் பெர்லினை. பதினான்காயிரம் பேருக்கு மேல் அமரும் அரங்கம் அவர்களுக்கு உண்டு. முந்தைய பருவத்தில் பதினொன்றாம் இடத்துக்குச் சரிந்து, நாக் அவுட் சுற்றுக்கே தகுதி பெறாத அணி அது. செர்ஜ் ஓபன் என்ற பயிற்சியாளரின் கையில் அது மறுபடியும் எழுந்து வந்திருந்தது.

பிரேமர்ஹாஃபனின் அப்போதைய பயிற்சியாளர் தாமஸ் போபீஷ். அவர் கிழக்கு ஜெர்மனிக்காரர், டைனமோ பெர்லினில் வளர்ந்தவர். இளம் வயதில் நாட்டைவிட்டுத் தப்ப முயன்று சிறைக்குப் போனவர். அந்த டைனமோ பெர்லின்தான் பின்னாளில் ஐஸ்பேரன் பெர்லின் ஆனது. ரகசியக் காவல்துறைத் தலைவர் எரிக் மீல்கேயின் கையில் இருந்த டைனமோ விளையாட்டுச் சங்கத்தைச் சேர்ந்த அணி அது. 1970 முதல் 1990 வரை கிழக்கு ஜெர்மன் லீக்கில் இருந்தவை இரண்டே அணிகள். டைனமோ பெர்லினும் டைனமோ வைஸ்வாசரும் ஆண்டுதோறும் ஒன்றையொன்று மட்டுமே எதிர்த்து ஆடிப் பட்டம் பெற்றன. அந்த உலகத்திலிருந்து தப்ப முயன்ற ஒருவர், அதன் வாரிசை இறுதிச்சுற்றில் எதிர்த்து நின்றார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பிரேமர்ஹாஃபனுக்காக ஆடியவர்களில் யெக்லிச், உர்பாஸ், வெர்லிச் என்ற மூன்று ஸ்லோவேனியர்கள் உண்டு. ஒருவர் நகரும் திசை மற்றவருக்கு முன்பே தெரியும்போல ஒரே வரிசையில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஆடியவர்கள். ஆனாலும் இறுதிச்சுற்று நான்கு ஆட்டங்களுக்கு ஒன்று என்ற கணக்கில் பெர்லினுக்கே போயிற்று. அது அவர்களுக்குப் பத்தாவது பட்டம். திறமையான, தகுதியான வெற்றி, மறுப்பதற்கில்லை. என் மனம் மட்டும் தோற்றவர்கள் பக்கமே நிற்கிறது.

பட்டியலின் அடிமட்டத்துக்கும் போகவேண்டும். அங்கே ஆக்ஸ்பர்க் இருந்தது. 1878-இல் தொடங்கிய, ஜெர்மனியின் மிகப் பழமையான பனி விளையாட்டுக் கழகத்தின் அணி. கடைசி இடம் என்றால் இரண்டாம் நிலை லீக்குக்கு இறங்கவேண்டும். ஆனால் விதியில் ஒரு நிபந்தனை உண்டு. கீழ் லீக்கின் சாம்பியன், வரவுசெலவுக் கணக்கைக் காட்டி, மேல் லீக்கில் ஆடும் உரிமத்துக்கு விண்ணப்பித்திருந்தால்தான் மேலே வரமுடியும். அப்படி வராவிட்டால் கடைசி அணி தப்பிக்கும். 2024-இல் கீழ் லீக்கின் இறுதிச்சுற்றில் காசலும் ரேகன்ஸ்பர்க்கும் மோதின. விண்ணப்பித்திருந்தது காசல், விண்ணப்பிக்காதது ரேகன்ஸ்பர்க். ஆக்ஸ்பர்க் ரசிகர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேறொரு ஊர் ஜெயிக்கவேண்டும் என்று வேண்டினார்கள். ரேகன்ஸ்பர்க் ஜெயித்தது. ஆக்ஸ்பர்க் பிழைத்தது. முந்தைய ஆண்டும் இதே வழியில்தான், விண்ணப்பிக்காத ராவன்ஸ்பர்க் கீழ் லீக்கில் பட்டம் வென்றதால் பிழைத்திருந்தது.

இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். வரவுசெலவுக் கணக்கைச் சரிபார்ப்பது அவசியம்தான். நடுவழியில் மூடப்பட்ட அணிகளால் ரசிகர்கள் பட்ட வேதனை பெரிது. அதற்காக ஓர் அணியின் கதி வேறு ஊர்க்காரர்கள் நிரப்பிய விண்ணப்பத்தைப் பொறுத்து அமைவதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

அடுத்த பருவத்தில் கடைசி இடம் டுசல்டார்ஃபுக்கு வந்தது. எட்டு முறை ஜெர்மன் பட்டம் வென்ற அணி. அந்த ஆண்டு கீழ் லீக்கை வென்றது டிரெஸ்டன். அவர்கள் விண்ணப்பித்திருந்தார்கள்.