சிங்கப்பூருக்குக் குடிவந்திருக்கிறீர்களா? கோல்ஃப் ஆட எங்கே போகலாம், எதைப் பார்த்துச் சேரலாம்

[காட்சி: சிங்கப்பூர் வரைபடம். கோல்ஃப் திடல்கள் பச்சையாக ஒளிர்கின்றன, சில ஒவ்வொன்றாக அணைகின்றன]

வணக்கம். வேலை மாறி சிங்கப்பூர் வந்துவிட்டீர்கள். வீடு பார்த்தாயிற்று, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தாயிற்று. கோல்ஃப் பை மட்டும் இன்னும் பிரிக்காமல் மூலையில் நிற்கிறது.

இந்த ஊரில் "எந்தத் திடல் நல்ல திடல்?" என்ற கேள்வியை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, "என்னை எங்கே ஆட விடுவார்கள்?" அடுத்தது, "அந்தத் திடல் இன்னும் எத்தனை வருடம் இருக்கும்?"

காரணம் நிலம். 2014-இல் அரசு கணக்குச் சொன்னபோது கோல்ஃப் திடல்கள் ஏறத்தாழ 1,500 ஹெக்டேரில் இருந்தன. அது நாட்டின் நிலத்தில் சுமார் 2 விழுக்காடு. ஜூரோங் கன்ட்ரி கிளப் 2016-இல் போனது, ராஃபிள்ஸ் கன்ட்ரி கிளப் 2018-இல் போனது. கெப்பல் கிளப் தன் பழைய இடத்தை வீடமைப்புக்கு விட்டுவிட்டு சைம் ரோட்டுக்கு மாறியது. உறுப்பினர் அட்டை இல்லாமலே ஆடக்கூடிய மரினா பே திடல் 2024 ஜூன் மாதத்தோடு மூடப்பட்டது. மண்டாயில் இருந்த 9 குழித் திடலும் அதே ஆண்டு இறுதியில் முடிந்தது. பழைய பட்டியல் எதையாவது படித்துவிட்டு மரினா பேக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

[காட்சி: வரவேற்பு மேசை. ஒருவர் ஹேண்டிகேப் அட்டையை நீட்டுகிறார்]

சரி, உள்ளே நுழைய என்ன வேண்டும்? இங்கே பெரும்பாலான கிளப்புகள் பணத்தோடு இன்னொன்றும் கேட்கும்: செல்லுபடியாகும் ஹேண்டிகேப் (உங்கள் ஆட்டத்திறனைக் காட்டும் எண்), அல்லது புரொஃபிஷன்சி சர்டிஃபிகேட் (ஆடத் தெரியும் என்ற சான்றிதழ்). எல்லாரும் 'பிசி' என்றுதான் சொல்வார்கள். விதிமுறைகளில் ஒரு எழுத்துத் தேர்வு, பிறகு திடலில் ஒரு செய்முறைத் தேர்வு, இரண்டிலும் தேறினால் கிடைக்கும். புதிதாக ஆடத் தொடங்குபவர் பயிற்சித் திடலில் பயிற்றுநரைப் பிடிக்கும்போதே, "பிசி தேர்வு வரை கொண்டுபோவீர்களா, மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுவிடுங்கள். மணிக்கணக்கில் வகுப்புக்குக் கட்டுவதைவிட இது பெரும்பாலும் சிக்கனம்.

ஏற்கெனவே ஆடுபவர் ஊரிலிருந்து வரும்போதே தன் ஹேண்டிகேப் இண்டெக்ஸ் சான்றை எடுத்து வாருங்கள். உலகப் பொது ஹேண்டிகேப் முறை வந்தபின், சென்னையில் எடுத்த எண்ணும் சிங்கப்பூரில் எடுத்த எண்ணும் ஒரே கணக்கில் வருபவை. புதிதாக எடுக்க வேண்டுமென்றால் 54 குழிகளுக்கான ஸ்கோர் போதும், அதாவது மூன்று முழு ஆட்டம். ஒருவர் பெறக்கூடிய அதிகபட்ச எண் 54. முந்தைய கிளப்பில் சந்தா நின்றுபோனால் அந்த எண்ணும் செயலிழக்கலாம். புதிய இடம் அமையும்வரை அதை விட்டுவிடாதீர்கள்.

அட்டை கையில் இருக்கிறது, எங்கே ஆடுவது? வார நாளில் சில கிளப்புகள் உறுப்பினர் அல்லாதவர்களையும் ஏற்கின்றன, வார இறுதியில் கட்டணமும் கட்டுப்பாடும் கூடும். பல இடங்களில் உறுப்பினர் ஒருவர் கூட வந்து கையெழுத்திட வேண்டும். ஆக, புதிதாக வந்தவருக்கு மிகப் பெரிய சொத்து ஒரு கோல்ஃப் காக்கி, அதாவது கூட ஆடும் நண்பர். அலுவலகத்தில், குடியிருப்பில், பயிற்சித் திடலில் பேச்சுக் கொடுங்கள். சேர்ந்து ஆடும் குழுவுக்கு ஃபிளைட் என்று பெயர், அதில் வழக்கமாக நால்வர். மூவர் மட்டும் இருக்கும் ஃபிளைட்டில் நான்காவது ஆளாகச் சேரத் தயார் என்று சொல்லிவையுங்கள், அழைப்பு தானாக வரும். தேசிய சேவை, அதாவது இந்நாட்டின் கட்டாயப் பாதுகாப்புப் பணி, செய்தவர்களுக்கு என்எஸ்ஆர்சிசி என்ற கிளப் இருக்கிறது. வீட்டில் தேசிய சேவையாளர் யாராவது இருந்தால் முதலில் அதன் விதிகளைப் பாருங்கள்.

[காட்சி: கடற்பாலத்தில் வாகன வரிசை, பிறகு தானா மேரா படகு முனையம்]

பலர் எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூருக்கும் இந்தோனேசியாவின் பிந்தான் தீவுக்கும் போகிறார்கள். இரண்டாம் இணைப்பு (துவாஸ் பாலம்) வழியாகப் போனால் இஸ்கந்தர் புத்ரியில் ஹொரைஸன் ஹில்ஸ் பக்கம். தேசாரு கடற்கரையில் எல்ஸ் கிளப், அதில் ஓஷன் 27 குழி, வேலி 18 குழி. பிந்தானில் கேரி பிளேயர் வடிவமைத்த ரியா பிந்தானும் கிரெக் நார்மன் வடிவமைத்த லகூனா பிந்தானும் இருக்கின்றன.

இந்தப் பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் ஆட்டத்துக்கு முன்னால்தான். சிங்கப்பூர்க் கார் எல்லை தாண்ட பெட்ரோல் டாங்கி முக்கால்வாசியாவது நிறைந்திருக்க வேண்டும். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி 2025 ஜூலை முதல் கட்டாயம். பிந்தான் கடிகாரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. டீ டைமும் (ஆட்டம் தொடங்கும் நேரம்) திரும்பும் படகும் அந்த ஊர் நேரம், வீட்டில் சொல்லிவிட்டு வரும் நேரம் நம் நேரம். ஜோகூரில் 2025 ஜனவரி முதல் வார விடுமுறை சனி, ஞாயிறு. அதற்கு முன் வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமைக் கட்டணத்தைப் பழைய நினைவில் கணக்குப் போடாமல், முன்பதிவின்போதே கேளுங்கள்.

[காட்சி: கிரீனில் மண்டியிட்ட ஒருவர். கேமரா புல்லுக்கு மிக அருகே]

இப்போது திடலுக்குள் போவோம். கிளப் கட்டடத்தின் அழகைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் அதிகம். நாம் தரையைப் பார்க்கலாம்.

கிரீனில், அதாவது குழி இருக்கும் குட்டைப்புல் தரையில், குனிந்து பாருங்கள். சுண்டுவிரல் நுனி அளவில் வரிசை வரிசையாகத் துளைகள், மேலே மணல் தூவியிருக்கிறதா? அது கோரிங். இறுகிய மண்ணுக்குக் காற்றும் நீரும் போக வழி செய்வது. பந்து துள்ளித் துள்ளி ஓடும், இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும். இதற்காக அந்தத் திடலைக் குறை சொல்ல வேண்டாம். கோரிங் செய்யாத கிரீன்தான் கவலை. ஆனால் மர நிழல் விழும் ஓரத்தில் கறுப்பாக, வழுவழுப்பாகப் பாசி படிந்திருந்தால் கவனியுங்கள். வெயில் படவில்லை, நீர் வடியவில்லை என்று பொருள். 18 கிரீனில் ஒன்றில் இருந்தால் பரவாயில்லை, ஐந்தாறில் இருந்தால் பராமரிப்பு தளர்ந்திருக்கிறது.

ஃபேர்வேயில், அதாவது தொடக்க இடத்துக்கும் கிரீனுக்கும் இடையிலுள்ள புல்பாதையில், எந்தப் புல் என்று பாருங்கள். சோய்சியா விறைப்பானது, பந்து மேலே நிற்கும். ஓரங்களில் அகல இலையுள்ள மாட்டுப்புல் இருந்தால் பந்து உள்ளே அமிழும், மட்டையின் கழுத்தைப் புல் பிடித்து முகத்தை மூடிவிடும், வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து இடப்பக்கம் ஓடும். அங்கே கூடுதல் கோணமுள்ள மட்டையை எடுப்பதுதான் வழி.

பங்கருக்கு, அதாவது மணல் பள்ளத்துக்கு, மழைக்கு மறுநாள் போங்கள். சரிவிலிருந்த மணல் அடியில் கரைந்து சேர்ந்து, மேலே களிமண் தெரிகிறதா? அடிப்பகுதியில் சுமார் 4 அங்குல மணலாவது வேண்டும். உங்கள் பந்து அந்த பங்கரில் கிடக்கும்போது மட்டும் மணலைத் தொட்டுச் சோதிக்காதீர்கள், தண்டனை உண்டு.

இன்னொன்று: தொலைவுப் பலகையில் இருப்பது மீட்டரா, யார்டா? 150 மீட்டர் என்பது 164 யார்டு. யார்டு என்று நினைத்து அடித்தால் பந்து கிரீனுக்கு முன்னாலேயே விழும்.

[காட்சி: ஸ்கோர் அட்டை. ஸ்லோப் எண் வட்டமிடப்படுகிறது]

திடல் உங்களுக்கு எவ்வளவு கடினம் என்பதை ஸ்கோர் அட்டையே சொல்லும். ஸ்லோப் எண் 55 முதல் 155 வரை, நடுநிலை 113. உங்கள் இண்டெக்ஸை ஸ்லோப்பால் பெருக்கி 113 ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்கிலிருந்து (தேர்ந்த ஆட்டக்காரருக்குத் தேவைப்படும் அடிகள்) பாரை (திடலுக்கு வகுத்த அடி எண்ணிக்கை) கழித்து வருவதைக் கூட்டுங்கள். இண்டெக்ஸ் 20, ஸ்லோப் 130, ரேட்டிங்கும் பாரும் 72 என்றால் அன்று உங்களுக்குப் பாருக்கு மேல் 23 அடி சலுகை. அதே திடலில் முன் டீயில் (டீ என்பது முதல் அடி அடிக்கும் இடம்) ஸ்லோப் 118 ஆக இருக்கலாம், அங்கும் ரேட்டிங் பாருக்குச் சமம் என்றால் 21. இந்த எண் டீக்கு டீ மாறும். உங்கள் டீயின் எண்ணைப் பாருங்கள், தொலைவான கறுப்பு நிற டீயின் எண்ணை அல்ல.

[காட்சி: கருமேகம். எச்சரிக்கை ஒலி]

மழைக்கு ஏற்பாடு எப்படி என்பதைக் கேட்காமல் எந்த கிளப்பிலும் சேரக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி அதிகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை சுமத்ராவிலிருந்து வரும் புயல்வரிசை விடியலிலேயே அடிக்கலாம். ஒரு நீண்ட சைரன் என்றால் உடனே நிறுத்த வேண்டும், தொடங்கிய குழியை முடிக்கக்கூட அனுமதியில்லை. இரண்டு குட்டி ஒலி கேட்டால் மீண்டும் ஆடலாம். ஒதுங்கும் கொட்டகைக்கு இடிதாங்கி இருக்கிறதா? நின்றுபோன ஆட்டத்துக்குக் கட்டணத்தில் எவ்வளவு திருப்பித் தருவார்கள், எத்தனை குழி ஆடியபின் தரமாட்டார்கள்? எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

[காட்சி: உறுப்பினர் ஒப்பந்தம். 'குத்தகை முடிவு' என்ற வரிமேல் விரல்]

கடைசியாக, உறுப்பினர் ஆவது. புரோக்கர் சொல்லும் விலையோடு பெயர் மாற்றும் கட்டணம், 9 விழுக்காடு ஜிஎஸ்டி, மாதச் சந்தா, உணவகத்தில் கட்டாயச் செலவு ஏதும் இருந்தால் அதுவும் சேரும். இதைவிட முக்கியம் நிலக் குத்தகை. வாரன் கிளப்பின் குத்தகை 2030-இல் முடிகிறது. செந்தோசாவுக்கு 2040 வரை. விலை மலிவாக இருந்தால் முதலில் இந்த ஆண்டைப் பாருங்கள்.

கணக்கு எளிது. குத்தகை முடியும் நாளில் அட்டைக்கு மறுவிலை சுழியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, எல்லாம் சேர்த்து 30,000 வெள்ளி, மீதம் 60 மாதம்: மாதம் 500 வெள்ளி. சந்தா 200 என்றால் 700. மாதம் இருமுறை ஆடினால் ஒரு ஆட்டத்துக்கு 350 வெள்ளி, பக்கி (திடலில் ஓட்டும் வண்டி) தனி. நான்கு முறை ஆடினால் 175. விருந்தினராகப் போனால் எவ்வளவு என்று அருகில் எழுதுங்கள். மூன்று வருடத்தில் வேலை வேறு நாட்டுக்கு மாறக்கூடியவர் என்றால், விற்க முடியாத அட்டையை விட்டுவிட்டு ஓராண்டு, ஈராண்டுக்கு மட்டும் உறுப்பினராகச் சேர முடியுமா என்று கேளுங்கள்.

கையெழுத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை ஆடிப் பாருங்கள், செவ்வாய்க்கிழமை அல்ல. சனிக்கிழமை டீ டைமுக்குக் குலுக்கல் நடக்கிறதா, கடந்த மாதம் எத்தனை பேர் கேட்டு எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று முன்பதிவு மேசையில் விசாரியுங்கள். ஆட்டம் நாலரை மணி நேரத்தைத் தாண்டி ஐந்தே காலுக்குப் போனால், ஒவ்வொரு வாரமும் அப்படித்தானா என்று உங்களுக்கு முன்னால் ஆடிய ஃபிளைட்டில் ஒருவரைக் கேளுங்கள்.