லார்கோவில் அழுதவர்கள்

அனைவருக்கும் வணக்கம்.

ரஷ்ய இசையமைப்பாளர் ஒருவரின் ஐந்தாவது சிம்பொனிக்காக இன்று கூடியிருக்கிறோம். ஒரு செய்தித்தாளில் இருந்து தொடங்குகிறேன். 1936 ஜனவரி 28. ரஷ்யாவின் வடக்கே, வெண்கடல் பக்கம் இருக்கிற ஆர்க்காங்கெல்ஸ்க் நகரம். கச்சேரிக்காக அங்கே வந்திருந்த டிமிட்ரி ஷோஸ்டகோவிச் என்ற இசையமைப்பாளர் கம்யூனிஸ்ட் கட்சியின் நாளிதழான பிராவ்தாவை வாங்கிப் புரட்டுகிறார். அவருக்கு வயது 29. உள்ளே ஒரு கட்டுரை. 'இசைக்குப் பதிலாகக் குழப்பம்' என்று தலைப்பு. எழுதியவர் பெயர் இல்லை. அவருடைய 'எம்ட்சென்ஸ்க்கின் லேடி மெக்பெத்' ஓபராவை, அதாவது பாடியே நடத்தும் இசை நாடகத்தை, அந்தக் கட்டுரை திட்டித் தீர்த்திருந்தது.

கட்சியின் நாளிதழில் பெயர் போடாமல் ஒரு கட்டுரை வந்தால், அது கட்சியே பேசுவதாக அர்த்தம். அன்றைக்கு எல்லோருக்கும் அது தெரியும். இரண்டு நாள் முன்னால்தான் மாஸ்கோவின் பல்ஷோய் அரங்குக்கு ஸ்டாலின் வந்து அந்த ஓபராவைப் பார்த்திருந்தார். முடிவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார். ஷோஸ்டகோவிச்சும் அன்று அந்த அரங்கில் இருந்தார். அந்த ஓபரா இரண்டு வருடமாக லெனின்கிராடிலும் மாஸ்கோவிலும் நூறு தடவைக்கு மேல் மேடையேறி, கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தது. நேற்று வரை பாராட்டி எழுதிய விமர்சகர்கள் ஒரே நாளில் நாக்கை மாற்றிக்கொண்டார்கள். கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது: இந்த விளையாட்டு மிக மோசமாக முடியக்கூடும். ஒரு இசை விமர்சனத்தில் வருகிற வரியா இது? படிக்கும்போது இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

பத்து நாள்கூட ஆகவில்லை. அவருடைய பாலே ஒன்றைத் தாக்கி இரண்டாவது கட்டுரை வந்தது. அப்புறம் கூட்டங்கள், தீர்மானங்கள், கண்டனங்கள். தன்னைத் திட்டி வந்த கட்டுரைகளை எல்லாம் வெட்டி ஒரு ஆல்பத்தில் ஒட்டி வைத்தார் ஷோஸ்டகோவிச். இரண்டு கைகளையும் வெட்டினாலும் பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு இசை எழுதுவேன் என்று அவர் சொன்னதாக அவருடைய நண்பர் ஐசக் கிளிக்மன் நினைவுகூர்கிறார். ஆனால் வீரவசனம் மட்டும் வைத்து ஒரு மனிதனைப் புரிந்துகொள்ள முடியாது. அந்த ஆண்டு மே மாதம் அவருக்கு மகள் பிறந்தாள். வீட்டில் கைக்குழந்தை. நாட்டில் இரவோடு இரவாக ஆட்கள் காணாமல் போகிறார்கள். அக்காள் கணவர், இயற்பியல் விஞ்ஞானி, கைதானார். அக்காள் நாடுகடத்தப்பட்டார். மாமியாரை முகாமுக்கு அனுப்பினார்கள்.

இந்த நிலைமையில் அவர் நான்காவது சிம்பொனியை எழுதி முடித்தார். நூறு பேருக்கு மேல் வாசிக்க வேண்டிய பிரம்மாண்டமான இசை. லெனின்கிராட் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு ஒத்திகை தொடங்கிவிட்டது. 1936 டிசம்பரில் அரங்கேற்றம். அதிகாரிகள் ஒத்திகைக்கு வந்து போனார்கள். அதற்குப் பிறகு, இசையமைப்பாளரே தன் சிம்பொனியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று அறிவிப்பு வந்தது. அந்த சிம்பொனியை ஜனங்கள் கேட்டது 1961 டிசம்பர் 30ஆம் தேதி. எழுதிய கைக்கும் கேட்ட காதுக்கும் நடுவில் 25 வருடம்.

சரி, ஐந்தாவது சிம்பொனிக்கு வருகிறேன். இன்றைக்கு நாம் கூடியிருப்பதே அதற்காகத்தான்.

1937 ஏப்ரல் 18ஆம் தேதி கிரிமியாவில் எழுதத் தொடங்கினார். ஜூலை 20ஆம் தேதி லெனின்கிராடில் முடித்தார். மூன்று மாதம். இந்த மூன்று மாதத்துக்கு நடுவில் இன்னொரு தேதி இருக்கிறது: ஜூன் 12. அன்றைக்கு மார்ஷல் துகாசெவ்ஸ்கி சுட்டுக் கொல்லப்பட்டார். செஞ்சேனையின் மிகப் பெரிய தளபதிகளில் ஒருவர். வயலின் செய்வதில் ஆசை கொண்டவர். ஷோஸ்டகோவிச்சை இளம் வயதிலிருந்தே ஆதரித்தவர். பிராவ்தா கட்டுரை வந்தபோது அவருக்காக ஸ்டாலினுக்குப் பரிந்து கடிதம் எழுதியவரும் அவர்தான். மேசைமேல் சிம்பொனி பாதியில் கிடக்கிறது. ஆதரித்த மனிதர் துரோகி என்று நாளிதழில் செய்தி வருகிறது. அவரோடு பழகியவன் என்பதே ஒரு குற்றம் ஆகிவிட்ட நேரத்தில், இந்த மனிதர் மறுபடி பேனாவை எடுத்து அடுத்த வரியை எழுதியிருக்கிறார்.

இசையை நடத்தும் பொறுப்பு யெவ்கேனி ம்ராவின்ஸ்கிக்கு வந்தது. வயது 34, அவ்வளவாகப் பெயர் வாங்காதவர். இரண்டு பேரும் பியானோ முன்னால் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்க்கிறார்கள். ம்ராவின்ஸ்கி கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். ஷோஸ்டகோவிச் வாயைத் திறப்பதில்லை. கடைசியில் ம்ராவின்ஸ்கி ஒரு தந்திரம் செய்தார். வேண்டுமென்றே தப்பான வேகத்தில் வாசித்தார். பொறுக்க முடியாமல் ஷோஸ்டகோவிச் சரியான வேகத்தைக் காட்டிவிடுவார். இதை ம்ராவின்ஸ்கியே பின்னால் எழுதியிருக்கிறார். எனக்கு இந்தக் காட்சி மிகவும் பிடிக்கும். எதைச் சொன்னாலும் ஆபத்து என்று வாழப் பழகிய ஒருவர், தன் இசை தப்பாக ஒலித்தால் மட்டும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறார்.

1937 நவம்பர் 21. லெனின்கிராட் ஃபில்ஹார்மோனிக்கின் பெரிய அரங்கம். வெள்ளைத் தூண்கள் வரிசையாக நிற்கும் பழைய பிரபுக்கள் மன்றம் அது. அரங்கம் நிறைந்திருக்கிறது. சிம்பொனி நான்கு பகுதிகள், முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். மூன்றாவது பகுதி லார்கோ, மிக மெதுவான நடை. அது போய்க்கொண்டிருக்கும்போது அரங்கில் ஆட்கள் அழத் தொடங்கினார்கள். ஆண்களும் பெண்களும் வெளிப்படையாக அழுதார்கள். பிறகு நான்காம் பகுதி, டிரம்பெட்டும் முரசும் முழங்க முடிந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். கைதட்டல் அரை மணி நேரத்துக்கு மேல் ஓயவில்லை. ம்ராவின்ஸ்கி இசைக்குறிப்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

அன்று அரங்கில் இருந்த லியுபோவ் ஷபோரினா என்ற அம்மையார் நாட்குறிப்பு எழுதி வந்தவர். இத்தனை நாள் அந்த மனிதரைத் துரத்தி அடித்ததற்கு எதிரான கோபம்தான் அந்தக் கைதட்டல் என்று எழுதுகிறார். 'அவர் பதில் சொல்லிவிட்டார், நன்றாகச் சொல்லிவிட்டார்' என்று சுற்றி இருந்தவர்கள் எல்லாம் பேசிக்கொண்டார்களாம். மேடைக்கு வந்த ஷோஸ்டகோவிச் முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாராம்.

அதிகாரிகளுக்கும் அது புரியாமல் இல்லை. மாஸ்கோவில் இருந்து கலைத்துறைக் குழுவின் ஆட்கள் வந்தார்கள். இது பொதுஜனம் இல்லை, பொறுக்கி எடுத்துக் கூட்டி வந்த கூட்டம் என்றார்கள். அப்போது ஃபில்ஹார்மோனிக்கின் பொறுப்பில் இருந்த மிகயில் சுலாகி அவர்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கட்சி ஊழியர்களுக்கு என்று தனியாக ஒரு முறை வாசித்துக் காட்டவும் நேர்ந்தது. நினைத்துப் பாருங்கள். கைதட்டலையே விசாரிக்கிறார்கள்.

கடைசியில் அரசு ஒரு வழி கண்டுபிடித்தது. இந்த வெற்றியைத் தன்னுடைய வெற்றியாக்கிக்கொண்டது. எழுத்தாளர் அலெக்சி டால்ஸ்டாய், ஒரு மனிதன் துயரத்தைக் கடந்து உருவாகிற கதை இது என்று எழுதினார். சோர்வும் இருளும் நம் ரசிகர்களுக்கு ஒத்துவராது, அந்தக் கைதட்டலே அதற்குச் சாட்சி என்றார். 1938 ஜனவரியில் ஷோஸ்டகோவிச் பெயரில் ஒரு கட்டுரை வந்தது. 'நியாயமான விமர்சனத்துக்கு ஒரு சோவியத் கலைஞனின் படைப்பூர்வமான பதில்' என்று இந்த சிம்பொனியை யாரோ சொன்னது தனக்கு மகிழ்ச்சி தருகிறது என்று அதில் இருந்தது. அந்த வாசகம் இன்று வரை இந்த சிம்பொனியை விட்டு விலகவில்லை. அதை அவரே வைத்த துணைத்தலைப்பு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இசைக்குறிப்பில் அப்படி எதுவும் கிடையாது.

இனி, எண்பது வருடத்துக்கு மேலாக ஓயாத சண்டை ஒன்று. அந்த நான்காம் பகுதி வெற்றி முழக்கமா, இல்லையா?

முடிவை மட்டும் கேளுங்கள். டிரம்பெட்டும் டிராம்போனும் மேலே முழங்கிக்கொண்டிருக்கும்போது வயலின்களும் மரத் துளைக்கருவிகளும் பியானோவும் ஒரே ஒரு ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப அடிக்கின்றன. 200 தடவைக்கு மேல் அதே ஸ்வரம். வேகமாக வாசித்தால் அது கொண்டாட்டமாகக் கேட்கும். மெதுவாக வாசித்தால் மண்டையில் ஆணி இறக்குவதுபோல இருக்கும். அச்சான பதிப்புகளிலேயே வேகக் குறி ஒன்றுபோல் இல்லை. 1959இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு மாஸ்கோ போன லியோனர்ட் பெர்ன்ஸ்டைன் அதைப் பறக்கிற வேகத்தில் நடத்தினார். ஷோஸ்டகோவிச் மேடைக்கே வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதே முடிவை ம்ராவின்ஸ்கி காலமெல்லாம் நிறுத்தி நிதானமாகத்தான் நடத்தினார். அவரையும் ஷோஸ்டகோவிச் குறை சொல்லவில்லை.

1979இல் சாலமன் வோல்கோவ், ஷோஸ்டகோவிச் தன்னிடம் சொன்னவை என்று ஒரு நூலை வெளியிட்டார். அந்த மகிழ்ச்சி மிரட்டி வரவழைத்த மகிழ்ச்சி, தடியால் அடித்துக்கொண்டே சந்தோஷப்படு என்று சொல்வதுபோல என்று அதில் வருகிறது. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டே லாரல் ஃபே என்ற ஆய்வாளர் அந்த நூலின் நம்பகத்தன்மையைக் கேள்விக்கு உள்ளாக்கினார். அந்த விவாதம் தீரவில்லை. ஆனால் அந்த நூலை ஒதுக்கி வைத்தாலும் ஒரு சாட்சி மிச்சம் இருக்கிறது. சோவியத் எழுத்தாளர்களில் ஸ்டாலினுக்கு நெருக்கமாக இருந்த அலெக்சாண்டர் ஃபதேயெவ், அந்தக் காலத்திலேயே தன் நாட்குறிப்பில் எழுதினார்: இந்த முடிவு வெற்றிபோலத் தெரியவில்லை, யாரையோ தண்டிப்பதுபோல, பழி வாங்குவதுபோல இருக்கிறது என்று. கட்சிக்காரர் காதிலேயே அது அப்படி விழுந்திருக்கிறது.

இன்னொரு தடயமும் உண்டு. அதே காலத்தில் ஷோஸ்டகோவிச் புஷ்கினின் சில கவிதைகளுக்கு இசையமைத்தார். முதல் கவிதை, 'மறுபிறப்பு'. மேதை வரைந்த ஓவியத்தின் மேல் ஒரு காட்டுமிராண்டி ஓவியன் தன் தூரிகையால் கரியைப் பூசுகிறான். வருடங்கள் போகப் போக அந்த அந்நிய வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்து, பழைய ஓவியம் தன் அழகோடு வெளியே வருகிறது. சிம்பொனியின் நான்காம் பகுதி தொடங்கும் அந்த முரட்டு மெட்டின் முதல் நான்கு ஸ்வரங்கள், இந்தப் பாட்டில் 'காட்டுமிராண்டி ஓவியன்' என்ற சொல்லுக்கு அவர் போட்ட ஸ்வரங்கள். அந்தப் பாட்டு 1940இல்தான் மேடை ஏறியது. ஆக, 1937 நவம்பரில் அரங்கில் இருந்த யாருக்கும் இது தெரிய வாய்ப்பில்லை.

இங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. நானும் வெகுகாலம் இந்த நான்காம் பகுதியிலேயே தேங்கிக் கிடந்தேன். வேகம் என்ன, ரகசியம் என்ன, மறைபொருள் என்ன என்று பதிவு பதிவாகக் கேட்டேன். ஆனால் அன்றைக்கு அழுதவர்கள் எந்த ரகசியத்தையும் கண்டுபிடித்து அழவில்லை. நான்காம் பகுதி தொடங்குவதற்கு முன்பே அழுதுவிட்டார்கள். அவர்கள் அழுதது லார்கோவுக்கு.

அந்த ஊரில் அன்றைக்கு யாருக்கு அழ அனுமதி இருந்தது? சோவியத் ஆவணங்களின்படியே 1937, 1938 இரண்டு ஆண்டுகளில் சுடப்பட்டவர்கள் 6,80,000 பேருக்கு மேல். சுட்டுக் கொன்றுவிட்டு, 'கடிதத் தொடர்பு உரிமை இல்லாத பத்தாண்டு சிறை' என்று வீட்டுக்குச் சொல்வார்கள். உடல் வராது, தேதி தெரியாது, சாவுச் சடங்கு கிடையாது. கணவனைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கூட அழ முடியாது. மக்கள் விரோதிக்காக அழுகிறாயா என்று கேட்பார்கள். சிறை வாசலில் பொட்டலத்தோடு வரிசையில் நிற்கும் பெண்கள் ஒருவரோடு ஒருவர் கிசுகிசுப்பாகத்தான் பேசினார்கள். அப்படிப்பட்ட ஊரில் வெளிச்சமான ஒரு அரங்கத்தில், நூற்றுக்கணக்கான பேர் நடுவில், பக்கத்தில் இருப்பவர் யார் என்று தெரியாமலே அழலாம். கேட்டால் இசை அழகாக இருந்தது, அதனால் அழுதேன் என்று சொல்லிக்கொள்ளலாம். எதற்காக அழுதாய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஷோஸ்டகோவிச் அந்த ஜனங்களுக்குக் கொடுத்தது இந்த இடத்தைத்தான் என்று நான் நம்புகிறேன். ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்தில் இறந்தவர்களுக்காகப் பாடுகிற வழிபாட்டின் சாயலை லார்கோவில் கேட்கிற ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு அந்த வழிபாடு அவ்வளவாகப் பழக்கமில்லை. ஆனாலும் முதல் தடவை, எந்தச் சரித்திரமும் தெரியாமல் இதைக் கேட்டபோது, ஒரு இழவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதுபோலத்தான் இருந்தது.

இப்போது அந்த லார்கோவைப் போடப்போகிறோம். 14 நிமிடம் போல ஓடும். அதற்கு முன்னால் இரண்டு விஷயம் மட்டும்.

டிரம்பெட், டிராம்போன், ஹார்ன், டியூபா எதுவும் இந்தப் பகுதியில் கிடையாது. அந்தக் கலைஞர்கள் கருவியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஊர்வலத்துக்கும் விழாவுக்கும் வேண்டிய சத்தத்தை அவர் மொத்தமாக வெளியே நிறுத்திவிட்டார். வயலின்களை வழக்கம்போல இரண்டாகப் பிரிக்காமல் மூன்றாகப் பிரித்திருக்கிறார். வியோலாவும் செல்லோவும் இரண்டிரண்டாகப் பிரிகின்றன. அதனால் ஒரே கருவிக் கூட்டத்துக்குள்ளே பல குரல் கேட்கும். நடுவில் ஒரு ஓபோ தனியாக வரும். பிறகு கிளாரினெட், பிறகு புல்லாங்குழல். ஒவ்வொன்றும் தனித்தனியே பேசும்; பின்னால் வயலின்கள் மூச்சு விடாமல் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்கப்புறம் செல்லோக்கள் கத்துகிற இடம் ஒன்று வரும். உங்களுக்கே தெரியும், நான் சொல்ல வேண்டாம்.

கடைசியில் ஹார்ப்பும், செலஸ்டா என்ற சின்னப் பியானோ போன்ற கருவியும் மெல்ல மணியடிப்பதுபோல் ஒலித்து அடங்கும். அதற்குப் பிறகு நான்காம் பகுதி முரசோடு வெடித்துக்கொண்டு வரும். அது வருவதற்குள் நிறுத்திவிடச் சொல்லியிருக்கிறேன். தம்பி, மின்விசிறியை மட்டும் அணைத்துவிடு. தொடக்கம் ரொம்ப மெல்லிசாக இருக்கும்.