மெசஞ்சர் போனது போகட்டும், பூங்கா போகக் கூடாது

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணாச்சிமாரே, அக்காமாரே, கையில் ரசவடையோடு உட்கார்ந்திருக்கும் நாகர்கோவில் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

‘பழைய நினைவு ஊரை வாழவைக்குமா, வளரவிடாமல் தடுக்குமா?’ என்பது தலைப்பு. நான் வாழவைக்கும் என்ற அணி. எனக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி இரண்டு பேரை ஒரே கயிற்றில் கட்டிவிட்டுப் போனார். ஒருவர் இன்டர்நெட்டில் அரட்டை அடிக்க வைத்திருந்த யாகூ மெசஞ்சர் போய்விட்டதே என்று புலம்புகிறவர். இன்னொருவர் நம் ஊர் வேப்பமூடு பூங்காவில் கை வைக்காதே என்கிறவர். ரெண்டு பேருக்கும் ஒரே நோய், காலம் மாறியது தெரியவில்லை, பூங்காவில் ஒரு ஓரத்தை எடுத்துக் கார் நிறுத்த விட்டால் நெரிசல் தீரும் என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். தட்டியவர்களில் பாதிப் பேர் காரில் வந்தவர்கள் என்று நினைக்கிறேன்.

சரி, அவர் போட்ட கட்டை நான் அவிழ்க்கப் போவதில்லை. கட்டியபடியே ரெண்டு பேரையும் பார்ப்போம்.

அண்ணாச்சிக்கு மெசஞ்சர் வெறும் சாப்ட்வேர். சவூதியிலும் துபாயிலும் ஆள் இருந்த நம் குமரி வீடுகளில் போய்க் கேளுங்கள். வெளிநாட்டுக்கு ஐ.எஸ்.டி. போன் போட்டால் நிமிஷத்துக்கு நிமிஷம் காசு கரைந்த காலம். தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் பிரவுசிங் சென்டரில் பலகை அடைப்புக்குள் உட்கார்ந்து, அம்மாமார் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ‘கேக்குதா, கேக்குதா’ என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்துவார்கள். அந்தப் பக்கம் ஆள் அசையவில்லை என்றால் மெசஞ்சரில் ‘பஸ்’ (Buzz) என்ற பட்டனை ஒரு தட்டு தட்டினால் போதும், அவர் திரையில் பெட்டியே கிடுகிடுவென்று ஆடும். எத்தனை கல்யாணம் அதில் பேசி முடிந்திருக்கும்! 2018 ஜூலை 17-ம் தேதி அதை நிறுத்தினார்கள். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்க வேண்டியதும் இல்லை. அது கம்பெனிச் சொத்து, சுவிட்சு அவர்கள் கையில்.

எல்லாப் பழசுக்கும் நான் வக்கீல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்ற மைக்ரோசாஃப்ட் பிரவுசரை 2022 ஜூனில் நிறுத்தியபோது என் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. தென்கொரியாவில் ஒரு பொறியாளர் அதற்குக் கல்லறைக் கல்லே செய்து வைத்தார். கல்லில் என்ன எழுதினார் தெரியுமா? மற்ற பிரவுசர்களை டவுன்லோடு செய்ய நல்ல கருவியாக இருந்தது என்று! பழசை விரும்புகிறவனுக்குக் கேலியும் தெரியும், அண்ணாச்சி.

ஆனால் ஏங்கினவர்கள் எல்லோரும் மூலையில் உட்கார்ந்து அழுதார்கள் என்று சொன்னீர்களே, அங்கேதான் சறுக்கிவிட்டீர்கள். யார் வேண்டுமானாலும் சொந்தமாக வலைப்பக்கம் கட்ட இடம் கொடுத்த ஜியோசிட்டீஸை 2009-ல் யாகூ மூடப் போகிறது என்றதும், ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம் இரவு பகலாக உட்கார்ந்து, சாதாரண ஜனங்கள் கட்டி வைத்திருந்த பக்கங்களை முடிந்த மட்டும் இறக்கிப் பத்திரப்படுத்தியது. பிரவுசருக்குள் விளையாட்டு ஓட்டிய ஃபிளாஷ் என்ற மென்பொருளின் கதை அதைவிட ருசியானது. 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி அதற்குக் கதவடைத்தது. நம் பிள்ளைகள் பிரவுசிங் சென்டரில் காசைத் தொலைத்த குட்டிக் குட்டி விளையாட்டு எல்லாம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஃபிளாஷ் இல்லாமலே அவற்றை ஓட்ட ரஃபிள் என்று ஒரு மென்பொருளைச் சிலர் எழுதினார்கள். இன்றைக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் அந்த விளையாட்டுகள் புது பிரவுசருக்குள்ளேயே ஓடுகின்றன. இவர்கள் யாருடைய வளர்ச்சியைத் தடுத்தார்கள்? புதுசுக்குள் பழசுக்கு ஓர் இடம் போட்டுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இனி பூங்காவுக்கு வருகிறேன். சாப்ட்வேருக்கு ஒரு நகல் எங்கேயாவது கிடந்தால் போதும், எப்படியாவது ஓட்டிவிடலாம். வெட்டிய மரத்துக்கு ரஃபிள் கிடையாது. நாளைக்கே கன்று நடுகிறேன் என்பீர்கள். அது நிழல் தரும்போது நீங்களும் நானும் இருக்க மாட்டோம்.

காலாவதியானதை எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று கேட்டீர்கள். புலியூர்க்குறிச்சி வரை ஒரு பஸ் ஏறுங்கள். உதயகிரிக் கோட்டை இருக்கிறது. 1741 குளச்சல் போருக்குப் பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் சேர்ந்த டச்சுக்காரர் டிலனாய் படையைப் பழக்கிய இடம், பீரங்கி வார்த்த இடம். கோட்டையை விடவா ஒன்று காலாவதியாக முடியும்? சுமார் 90 ஏக்கர், நெடுஞ்சாலை ஓரம். அண்ணாச்சி கையில் கொடுத்திருந்தால் எத்தனை கார் நிறுத்தியிருப்பார்! இன்று அது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. டிலனாயின் கல்லறையும் உள்ளேதான் இருக்கிறது. பிள்ளைகள் மரத்தடியில் ஓடுகிறார்கள். போர் முடிந்தது, கல்லை உடைத்து ரோட்டுக்குப் போடு என்று யாராவது முடிவெடுத்திருந்தால்?

நெரிசலைத் தீர்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். பூங்காவில் நூறு கார் நிறுத்தினால், அந்த நூறு காரும் ஆகாயத்திலிருந்தா இறங்கும்? அதே வேப்பமூடு சந்திப்பு வழியாகத்தானே வரும், போகும்?

நினைப்பு கோர்ட்டில் செல்லாது என்று அண்ணாச்சி கடைசியாக ஒரு போடு போட்டார். பெங்களூரில் ராஜ்மகால் விலாஸ் எக்ஸ்டென்ஷனில் பூங்காவுக்கு ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். கார் நிறுத்த இல்லை, ஆஸ்பத்திரிக்கு! யார் எதிர்த்துப் பேச முடியும்? அங்கே குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். அது உச்ச நீதிமன்றம் வரை போனது. பூங்கா இடத்தை அப்படிக் கொடுத்தது செல்லாது என்று 1991-ல் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு சட்டத்தை வைத்துத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சட்டத்தைக் கோர்ட் வாசல் வரை கூட்டிக்கொண்டு போனது யார்? அந்த இடம் தங்களுக்கு வேண்டும் என்று நினைத்தவர்கள். நினைக்காதவன் கேஸ் போட மாட்டான் நடுவர் அவர்களே, அவனுக்கு எது போனாலும் ஒன்றுதான்.

நம் மாநிலத்திலும் 1959-லேயே பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க ஒரு சட்டம் போட்டாயிற்று. ஊரில் உள்ள பூங்காக்களைப் பட்டியல் எழுதி வைக்க வேண்டும், அரசு அனுமதி இல்லாமல் அந்த இடத்தை வேறு வேலைக்கு எடுக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். நம் ஊர்ப் பட்டியலில் எந்தெந்தப் பூங்கா இருக்கிறது, அதன் நகல் வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதி இதோ பையில் வைத்திருக்கிறேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்தான் செலவு, அதுவும் என் காசு. அடுத்து பேச வரும் எதிரணி அக்கா, கார் நிறுத்தும் இடத்துக்கு எத்தனை மரம் போகும், எத்தனை ரூபாய் ஆகும் என்ற கணக்கோடு இந்த மைக்குக்கு வரட்டும்.