'டிடின்ட் வென்ட்' ஏன் பிழை?

[திரையில்: காலி வீதி, வெள்ளவத்தை. 100ஆம் நம்பர் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போகிறது.]

வணக்கம். என்னுடைய முதல் நேர்முகப் பரீட்சை கோட்டையில் ஓர் ஒஃபிஸில். "ஐ டிடின்ட் கொட் யுவர் ஈமெயில்" என்று சொல்லிவிட்டேன். முன்னால் இருந்தவர் ஒன்றும் பேசவில்லை, பேனையால் எதையோ குறித்துக்கொண்டார். அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

'டிடின்ட் கெட்' என்றுதான் வரவேண்டும். இத்தனைக்கும் கோ, வென்ட், கோன் அட்டவணையை ரியூஷனில் பாட்டாகவே பாடினவன் நான். வடிவம் தெரியும், எதை எங்கே வைப்பது என்றுதான் தெரியாது.

[திரையில்: போனேன் / போகவில்லை]

தமிழைப் பாருங்கள். போனேன். போகவில்லை. யாராவது 'போனவில்லை' என்பார்களா? ஆங்கிலத்திலும் இதே கதைதான். காலத்தை 'டிட்' தூக்கிக்கொண்டு விட்டது, பிறகு வினைக்கு அந்தச் சுமை எதற்கு? 'ஐ டிடின்ட் கோ', 'டிட் யூ கோ?'

ஆனால் 'யார் போனது?' என்றால் 'ஹூ வென்ட்?' டிட் வரவில்லை, அதனால் வென்ட் அப்படியே நிற்கிறது.

(சும்மா ஒரு தகவல்: இந்த வென்ட், கோவின் சொந்தப் பிள்ளை இல்லை. 'வெண்ட்' என்று இன்னொரு பழைய வினை. அதன் இறந்தகாலத்தைத்தான் கோ தத்தெடுத்தது.)

அடுத்தது, 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டடே'. கொழும்பில் தினமும் காதில் விழும். 'நேற்று அவரைப் பார்த்திருக்கிறேன்' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், இடறும். 'கதிர்காமம் போயிருக்கிறேன்' என்றால் இடறாது, எப்போது என்று சொல்லவில்லையே. அது 'ஐ ஹேவ் பீன் டு கதிர்காமம்'. 'போன வருஷம்' என்று சேர்த்த உடனே 'ஐ வென்ட்'.

[திரையில்: கோட்டை ஸ்டேஷன், வெறும் தண்டவாளம்]

'நான் ஸ்டேஷனுக்குப் போகும்போது யாழ்தேவி வெளிக்கிட்டிருந்தது.' அந்த 'இருந்தது'தான் ஹேட்: 'வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெய்ன் ஹேட் லெஃப்ட்.' இரண்டில் எது முந்தி நடந்ததோ அதற்கு மட்டும் ஹேட். 'பிஃபோர்', 'ஆஃப்டர்' வந்து வரிசையைக் காட்டிவிட்டால் பெரும்பாலும் அதுவும் தேவைப்படாது.

வீடியோவைக் கொஞ்சம் நிறுத்துங்கள்.

[திரையில்: 'டிட் ஹீ ஆஸ்க்ட் ஹூ கேம்?']

இதில் ஒரு வினைதான் பிழை. எது?