இறுகிய ஜாயிண்ட், ஏறாத சர்க்ளிப்: பீட்டில் காரின் பின் ஆக்சிலோடு ஒரு போராட்டம்

வணக்கம். என் கையில் இருக்கும் இந்த வட்டமான இரும்புத் துண்டைக் கேமராவுக்கு அருகில் கொண்டு வருகிறேன், பாருங்கள். இது 1971ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் 1302 பீட்டிலின் பின் ஆக்சிலில் இருந்து கழற்றிய சி.வி. ஜாயிண்ட், அதாவது தண்டு சாய்ந்திருந்தாலும் சுழற்சியை ஒரே வேகத்தில் கடத்தும் இணைப்பு. வெளிவளையத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு, நடுவில் இருக்கும் நட்சத்திர வடிவ ஹப்பை வலது கட்டை விரலால் தள்ளினால், அது வழுக்கிக்கொண்டு முன்னும் பின்னும் போய்வர வேண்டும். இது அசையவே இல்லை. சென்ற வாரம் நான் இதைப் பிரித்து, பழைய கிரீஸைக் கழுவி, மறுபடி பூட்டிய நிமிடத்திலிருந்து இப்படித்தான் இருக்கிறது.

நேர்ந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பழைய ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, புதிது ஒன்றை வாங்கினேன். துருப்பிடிக்காமல் இருப்பதற்காக அதில் பூசியிருந்த எண்ணெயைக் கழுவ அதையும் பிரித்தேன், பூட்டினேன், அதுவும் அச்சு அசலாக இதைப் போலவே இறுகிக்கொண்டது. பழையதும் புதியதும் ஒரே மாதிரி அடம்பிடித்தால் குற்றம் பொருளில் இல்லை, பூட்டிய கையில்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

மேலே போவதற்குள் உங்கள் காரில் இந்த ஜாயிண்ட் இருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எல்லாப் பீட்டில்களிலும் இது கிடையாது. பழைய ஸ்விங் ஆக்சில் வண்டிகளில் ஆக்சில் ஒரு குழாய்க்குள் மறைந்திருக்கும். கியர்பாக்ஸ் ஓரத்தில் மட்டும் ஒரு பெரிய ரப்பர் பூட் (மூடும் உறை) தெரியும். ஆக்சில் தண்டு வெளியே தெரிந்து, அதன் இரு முனைகளிலும் பூட் இருந்தால் அதுதான் இந்த வகை. பக்கத்துக்கு இரண்டு வீதம் மொத்தம் நான்கு ஜாயிண்டுகள். 1968 மாடல் செமி ஆட்டோமேட்டிக் வண்டிகளிலும், அமெரிக்காவுக்குப் போனவற்றில் 1969 மாடலில் இருந்தும், பிறகு 1302, 1303 வகைகளிலும் இந்த அமைப்பு வந்தது. வண்டியின் வயதை வைத்து மட்டும் கணக்குப் போட முடியாது. மெக்சிகோவில் 2003 வரை தயாரான பீட்டில்கள்கூடக் கடைசிவரை ஸ்விங் ஆக்சிலோடுதான் வந்தன.

இந்த ஜாயிண்ட் சுழற்சியைக் கடத்தினால் போதாது, வழுக்கவும் வேண்டும். சக்கரம் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும்போதெல்லாம் கியர்பாக்ஸ் ஃபிளாஞ்சுக்கும் (ஜாயிண்டை போல்ட்டால் மாட்டும் வட்ட முகம்) சக்கரத்தின் ஃபிளாஞ்சுக்கும் இடையிலான தூரம் கூடிக் குறைகிறது. தண்டின் நீளமோ மாறாது. அந்த வித்தியாசத்தை உள்வாங்குவது ஹப்பின் இந்த முன்பின் ஓட்டம்தான். இறுகிய ஜாயிண்டை அப்படியே மாட்டி ஓட்டினால் ஒவ்வொரு குலுக்கலிலும் அந்தத் தள்ளல் நேராகக் கியர்பாக்ஸின் மேல் போய் விழும். ஓட ஓடத் தானே பதமாகிவிடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். ஹப்பைத் தனியாக எடுத்து வெளிச்சத்தில் திருப்புகிறேன். இதில் ஆறு பள்ளங்கள் இருக்கின்றன, ஆறு குண்டுகள் அவற்றில் ஓடுகின்றன. பள்ளங்கள் தண்டுக்கு இணையாக நேராக வெட்டப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்: ஒன்று இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்தது வலப்பக்கம் சாய்கிறது. அதனால் ஹப்பின் ஒரு முகத்தைப் பார்த்தால், பக்கத்துப் பள்ளங்கள் இரண்டுக்கு நடுவே உள்ள மேடு ஓரிடத்தில் அகலமாகவும் அடுத்த இடத்தில் குறுகலாகவும், மாறி மாறி வருகிறது. வெளிவளையத்தின் உட்புறத்திலும் இதே கதைதான். ஹப்பின் பள்ளமும் வளையத்தின் பள்ளமும் எதிரெதிராகச் சாய்ந்து ஒன்றையொன்று வெட்டும் இடத்தில்தான் குண்டு நிற்கிறது. அப்படி நிற்பதால்தான் தண்டு சாய்ந்திருந்தாலும் இரு பக்கமும் ஒரே வேகத்தில் சுழல்கின்றன. ஆகவே ஹப்பின் குறுகலான மேட்டுக்கு நேரே வளையத்தின் அகலமான மேடு வரவேண்டும். நான் குறுகலுக்கு நேரே குறுகலை வைத்திருக்கிறேன். பார்வைக்கு அழகாகப் பொருந்தியதுபோல் இருக்கும், குண்டுகளும் எப்படியோ உள்ளே போய்விடும், ஆனால் பள்ளங்கள் ஒரே திசையில் சாய்ந்திருப்பதால் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

பிரிப்பதற்கு அடியில் ஒரு தட்டும் அதன்மேல் ஒரு துணியும் விரித்துக்கொள்ளுங்கள். குண்டு கீழே விழுந்தால் வேலை மேசைக்கு அடியில் எங்கே ஓடி ஒளியும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். இறுகியதை விடுவிக்க ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்ட வேண்டியிருந்தது. ஹப்பையும் கேஜையும் (குண்டுகளை ஜன்னல்களில் பிடித்து வைக்கும் கூடு) வளையத்துக்குக் குறுக்காக, செங்குத்தாகத் திருப்பியதும் இதோ வெளியே வந்துவிட்டது. ஒரு ஜாயிண்டின் குண்டுகளை இன்னொன்றில் கலந்துவிடாதீர்கள். ஹப், வளையம், கேஜ், குண்டுகள் எல்லாம் அளவு பார்த்து ஒரு தொகுதியாகச் சேர்க்கப்பட்டவை. நான் நான்கு ஜாயிண்டுகளுக்கும் நான்கு தனித்தனிக் கிண்ணங்கள் வைத்திருக்கிறேன்.

பூட்டும்போது முதலில் ஹப்பைக் கேஜுக்குள் வைத்து, ஆறு குண்டுகளையும் கேஜின் ஜன்னல்களில் அழுத்துகிறேன். பிறகு இந்த முழுத் தொகுதியையும் வளையத்துக்குள் செங்குத்தாக இறக்கி, குறுகலுக்கு நேரே அகலம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, மெல்லச் சாய்க்கிறேன். ஹப்பைக் கேஜிலிருந்து சிறிது விலக்கிக் கொடுத்தால்தான் குண்டுகள் வளையத்தின் பள்ளங்களைத் தேடிப் பிடிக்கும். இப்போது கேஜின் மேல் இரண்டு கட்டை விரல்களாலும் ஓர் அழுத்து. கேட்டதா அந்த ‘டக்’? இனித் தள்ளிப் பார்க்கிறேன். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை, விரலாலேயே போய்வருகிறது. கையால் முழுத் தூரமும் ஓடினால்தான் பூட்டியது சரி. சுத்தியலைத் தேடத் தோன்றினால் எங்கோ தவறு.

அடுத்தது சர்க்ளிப், ஜாயிண்ட் தண்டிலிருந்து கழன்றுவிடாமல் பிடிக்கும் வெட்டுள்ள ஸ்பிரிங் வளையம். இரண்டாவது ஜாயிண்டில் எனக்கு இந்தத் தொல்லை வந்தது. ஜாயிண்டைத் தண்டின் ஸ்ப்லைனில் (முனையில் உள்ள பல்வரிசை) ஏற்றிய பிறகு, முனையில் சர்க்ளிப் உட்கார வேண்டிய காடி, அதாவது சுற்றுப் பள்ளம், முழுவதும் தெரிய வேண்டும். பாதி தெரிந்தால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை: ஜாயிண்டுக்குப் பின்னால் குழிவான வாஷர் ஒன்று ஸ்பிரிங் போல இருக்கிறது, ஹப்பின் மேல் பொருந்தும் ஒரு குழாய்த் துண்டை வைத்து அழுத்தி அதைச் சற்று நசுக்கினால்தான் காடி வெளியே வரும். எனக்கோ காடி கண்ணிலேயே படவில்லை. ஹப்பின் உள்விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் சரிவாகச் செதுக்கியிருப்பார்கள், இந்தச் சேம்ஃபரை விரல் நகத்தால் தடவினாலே உணரலாம். அந்தச் சரிவு தண்டின் தோள் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். நான் திருப்பிப் போட்டிருந்ததால் கூரான விளிம்பு முன்னதாகவே முட்டி நின்றுவிட்டது. இரும்புக் குழாயால் ஓங்கி அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கூசுகிறது. இன்னொன்று, ரப்பர் பூட் உறையையும் அதன் மூடியையும் ஜாயிண்டுக்கு முன்பே தண்டில் நுழைத்துவிடுங்கள். இதை நான் ஒரு தடவைக்கு மேல் மறந்திருக்கிறேன்.

சர்க்ளிப்பைப் புதிதாகவே போடுங்கள். உட்கார்ந்த பின் ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுற்றிலும் தொட்டு, காடிக்குள் எல்லா இடத்திலும் அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கிரீஸ் மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்ததாக இருக்கட்டும், ஜாயிண்டுக்கு ஏறக்குறைய 90 கிராம்.

காருக்கு அடியில் போகிறோம். ஆக்சில்கள் கழன்றிருக்கும்போது கியரில் போட்டு வைத்தாலும் வண்டி நிற்காது, ஆகவே முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் ஸ்டாண்டில் நிற்கிறது. ஜாயிண்டுக்கு ஆறு போல்ட்டுகள், இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடிக்கும் மூன்று தகடுகள். இந்த போல்ட்டுகளின் தலைக்குழியில் 12 முனைகள் இருக்கின்றன. அதற்குள் அடைந்திருக்கும் மண்ணை ஊசியால் குத்தி எடுத்துவிட்டு, பிட்டைத் தட்டி முழு ஆழத்துக்கு இறக்கிய பின்புதான் திருப்ப வேண்டும், இல்லையேல் முனைகள் மழுங்கிப் பெரிய வேலையாகிவிடும். ஜாயிண்டின் முகத்திலும் ஃபிளாஞ்சின் முகத்திலும் ஒரு துளி கிரீஸ்கூட இருக்கக் கூடாது. கிரீஸ் நசுங்கி வெளியேறும் அளவுக்கு போல்ட்டின் பிடி தளரும், பிறகு போல்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கழலும். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கி, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சில் 35 நியூட்டன் மீட்டரில் முடிக்கிறேன்.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்சக்கரம் இழுக்கும் கார்களில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தால் ‘டிக் டிக்’ என்று கேட்கும். பீட்டிலில் பின்சக்கரம் திரும்புவதில்லை என்பதால் அந்தச் சோதனை இங்கே உதவாது. வண்டி கிளம்பும்போதும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதும் ‘டங்’ என்று ஒரு தட்டல் கேட்டால் ஜாயிண்டைச் சந்தேகியுங்கள், ஆனால் பிரிப்பதற்கு முன் அந்த போல்ட்டுகளை ஒருமுறை சோதியுங்கள். தேய்மானம் பள்ளத்தின் ஒரு பக்கச் சுவரில்தான் அதிகம் இருக்கும் என்பதால், இடது ஆக்சிலை வலப்பக்கத்துக்கும் வலதை இடப்பக்கத்துக்கும் மாற்றிப் போட்டு இன்னும் சில காலம் ஓட்டுபவர்கள் உண்டு. என் பழைய ஜாயிண்டைக் கழுவிப் பார்த்ததில் குழி விழவில்லை, நிறம் மட்டும் சற்று மங்கியிருந்தது. ஆகையால் அதையே மறுபக்கத்துக்கு மாற்றி மாட்டியிருக்கிறேன். அவசரப்பட்டு வாங்கிய புதியது பெட்டியிலேயே தூங்குகிறது.

கடைசியாக, ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து தகடுவரை வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். சில நாள் ஓட்டிவிட்டு, மீண்டும் அடியில் படுத்து, இருபத்து நான்கு கோடுகளும் முறியாமல் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். முறிந்திருந்தால் அந்த ஃபிளாஞ்சை மறுபடி துடைத்துவிட்டு இறுக்க வேண்டியதுதான்.